கீசருக்குள் என்ன நடக்கிறது?

மாமா வீட்டுக் குளியலறையில் கை கழுவிக்கொண்டே தற்செயலாக மேலே பார்த்தேன். கீசரின் அடியில், குளிர்ந்த தண்ணீர் உள்ளே போகும் இடத்தில் சின்னதாக ஒரு பித்தளை வால்வு. அதன் பக்கவாட்டில் விரல் நுனி அளவுக்கு ஒரு மூக்கு. அந்த மூக்குக்குள் ஒரு மரக்குச்சியைச் செதுக்கி, வெள்ளை டெஃப்லான் டேப் சுற்றி, அடித்து இறுக்கியிருந்தது. "சொட்டுச் சொட்டா ஒழுகிக்கிட்டே இருந்துச்சு மாப்ளே. இதுக்குப் போய் பிளம்பரைக் கூப்பிடணுமான்னு நானே அடைச்சிட்டேன்" என்றார். நான் முதலில் சுவிட்சை அணைத்தேன். அதற்கப்புறம்தான் பேச்சை ஆரம்பித்தேன்.

மாமா எதையும் அலட்சியமாகச் செய்கிறவர் இல்லை. அந்தச் சொட்டு எதற்காக வருகிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். கீசரைப் பற்றிப் பொதுவாகவே நாம் அப்படித்தான் பேசுகிறோம். வெந்நீர் வரவில்லை என்றால் "கீசர் போயிடுச்சு", தண்ணீர் சொட்டினால் "கீசர் ஓட்டையாயிடுச்சு", பில் ஏறினால் "உப்பு பிடிச்சிருச்சு". ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு. உள்ளே நடப்பதை ஒரு தடவை புரிந்துகொண்டால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இங்கே நான் பேசுவது தண்ணீரைத் தொட்டியில் சேர்த்து வைத்துச் சூடாக்கும் மின்சார கீசர் பற்றி மட்டும். திறந்தவுடன் சுடவைத்துத் தரும் சின்ன இன்ஸ்டன்ட் ரகத்திலும் அடிப்படை ஒன்றுதான், அளவுகள்தான் மாறும்.

## பானைக்கும் கீசருக்கும் உள்ள வித்தியாசம்

அடுப்பில் வைத்த பானையில் வெந்நீர் வேண்டுமென்றால் மொண்டு எடுப்போம். எடுக்க எடுக்கப் பானை காலியாகும். கீசர் அப்படிக் காலியாவதே இல்லை. அது எப்போதும் விளிம்பு வரை நிரம்பியிருக்கும் ஒரு மூடிய பானை. குழாயைத் திறந்தால் வெந்நீர் தானாக இறங்கி வருவதில்லை. அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் உள்ளே நுழைந்து, மேலே இருக்கும் வெந்நீரை வெளியே தள்ளுகிறது. சூடான தண்ணீர் லேசானது என்பதால் மேலே நிற்கும். வெளியே போகும் பைப்பின் வாயும் தொட்டிக்குள் உச்சிக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

இந்த ஒரு விஷயத்திலிருந்தே சில குழப்பங்கள் தெளிந்துவிடும். மேல்நிலைத் தொட்டி காலியாக இருந்தால், கீசர் நிறைய வெந்நீர் இருந்தும் குழாயில் ஒரு சொட்டு வராது, தள்ளிவிட ஆள் இல்லை. புதிதாக மாட்டியபோது நீல அடையாளமுள்ள வாயிலும் சிவப்பு அடையாளமுள்ள வாயிலும் பைப்பை மாற்றிக் கொடுத்துவிட்டால், உச்சியில் நுழையும் குளிர்ந்த தண்ணீர் வெந்நீரோடு கலந்து, எவ்வளவு நேரம் போட்டாலும் வெதுவெதுப்பாகத்தான் வரும்.

## சூடாக்கும் கம்பி, அதன் கணக்கு

தொட்டிக்குள் தண்ணீரைச் சூடாக்கும் கம்பிக்கு எலிமென்ட் என்று பெயர். வெளியே பார்க்க வளைந்த உலோகக் குழாய் மாதிரி இருக்கும். அதன் நடுவில் நிக்கலும் குரோமியமும் கலந்த மெல்லிய கம்பிச் சுருள் ஓடுகிறது. சுருளுக்கும் வெளிக்குழாய்க்கும் இடையே மக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைத் தூளை அடைத்திருப்பார்கள். அந்தத் தூள் சூட்டை விடும், கரண்டை விடாது. கரண்ட் பாயும் சுருள் தண்ணீருக்குள் இருந்தும் நமக்கு ஷாக் அடிக்காததற்கு அந்தத் தூள்தான் காரணம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 0.6 யூனிட் மின்சாரம் வேண்டும். 2000 வாட் எலிமென்ட் அதை 18 நிமிடத்தில் கொடுத்துவிடும். 25 லிட்டர் என்றால் 1 யூனிட், அரை மணி நேரம். உங்கள் வீட்டு கீசருக்கும் இப்படி ஒரு தடவை நேரம் பார்த்து எழுதி வையுங்கள். 18 நிமிடத்தில் முடிந்தது ஒருநாள் 40 நிமிடம் இழுத்தால், ஏதோ சரியில்லை என்பதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

டயலை அதிகமாகத் திருகினால் சீக்கிரம் சூடாகும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஆகாது. எலிமென்டின் வேகம் எப்போதும் ஒன்றுதான். டயல் சொல்வது எங்கே நிறுத்த வேண்டும் என்பதை மட்டும்.

இன்னொன்று. 230 வோல்ட்டில் 2000 வாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதனால்தான் கனமான வயரும் 16 ஆம்பியர் பிளக்கும் கேட்கிறது. கீசர் ஓடி முடிந்ததும் பிளக் தொட முடியாத அளவுக்குச் சுட்டாலோ, பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தாலோ கோளாறு அந்த சாக்கெட்டில் இருக்கிறது. சாக்கெட்டுக்குள் பிடிப்பு தளர்ந்திருக்கும். மாற்றும் வரை கீசரைப் போடக்கூடாது.

## மூன்று காவலர்கள்

மூடிய பானையைச் சூடாக்குவது ஆபத்தான வேலை. அதனால் ஒன்றுக்குப் பின் ஒன்றாக மூன்று காவல் வைத்திருக்கிறார்கள்.

முதல் காவல் தெர்மோஸ்டாட். குறித்த சூடு வந்ததும் கரண்டைத் துண்டித்து, ஆறியதும் மறுபடி கொடுக்கும் சுவிட்ச் அது. இஸ்திரிப் பெட்டி சூடானதும் "டிக்" என்று விளக்கு அணையுமே, அதே வேலை. கீசரில் சிவப்பு விளக்கு அணைந்ததும் ரிப்பேர் என்று பதறுகிறவர்கள் உண்டு. பல மாடல்களில் அதற்குத் தண்ணீர் தயார் என்றுதான் பொருள்.

இரண்டாவது காவல் கட்-அவுட். தெர்மோஸ்டாட்டின் உள்முனைகள் ஒட்டிக்கொண்டு கரண்டை விடாமல் கொடுத்துக்கொண்டே இருந்தால், சூடு எல்லை மீறும்போது இது முழுதாகத் துண்டித்துவிடும். தானாகத் திரும்பி வராது. உள்ளே ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், அல்லது கட்-அவுட்டையே மாற்ற வேண்டும்.

மூன்றாவதுதான் மாமா மரக்குச்சி சொருகிய இடம், சேஃப்டி வால்வு. முதல் இரண்டும் கைவிட்டாலும், கரண்டின் உதவியே இல்லாமல் வேலை செய்யும் கடைசி ஆள். குக்கருக்கு வெயிட் எப்படியோ கீசருக்கு இது அப்படி.

சரி, எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது அது ஏன் சொட்டுகிறது? தண்ணீர் சூடாகும்போது விரியும். 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால் 100 பங்குக்கு ஒன்றரைப் பங்கு போலப் பெருகும். 15 லிட்டரில் அது 200 மில்லி, ஒரு டம்ளர் தண்ணீர். தொட்டி ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. தண்ணீரை அமுக்கிச் சுருக்கவும் முடியாது. அந்த ஒரு டம்ளர் எங்கேயாவது போயாக வேண்டும். சில வீடுகளில் அது வந்த வழியே மேல்நிலைத் தொட்டிக்குத் திரும்பிவிடும், சொட்டே இருக்காது. தண்ணீர் பின்னால் போகாதபடி தடுக்கும் ஒருவழி வால்வு வைத்த வீடுகளில் சேஃப்டி வால்வின் மூக்கு வழியாகச் சொட்டும். பல வால்வுகளில் இந்த இரண்டு வேலையும் ஒரே பித்தளைத் துண்டுக்குள் இருக்கும். பக்கத்து வீட்டில் சொட்டவில்லை, நம் வீட்டில் மட்டும் சொட்டுகிறதே என்ற கவலைக்குப் பதில் இதுதான்.

மூக்கை அடைத்தால், ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் அந்த ஒரு டம்ளர் தொட்டியின் சுவரை உந்துகிறது. தொட்டியைப் பற்றவைத்த இடங்கள் விடும், இணைப்புகள் கசியும். அது சின்ன ஆபத்து. பெரியது என்னவென்றால், தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் ஒரே நாளில் சதி செய்தால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டும். அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. குக்கருக்குள்ளேயே 120 டிகிரி வரை போகிறதே. தொட்டி ஓர் இடத்தில் பிளந்து அழுத்தம் விட்டுப்போன அந்த நொடியில், அத்தனை சூட்டில் இருந்த தண்ணீரின் ஒரு பகுதி மொத்தமாக ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கும் மேல் இடம் கேட்கும். சுவரைப் பெயர்க்க அது போதும்.

மாமா வீட்டில் குச்சியை இடுக்கியால் பிடுங்கியபோது பீச்சியடித்த தண்ணீர் எதிர்ச் சுவரில் போய் விழுந்தது. சுவிட்சை அணைத்துப் பத்து நிமிடம் ஆகியும் அவ்வளவு அழுத்தம். இப்போது அந்த மூக்கில் ஒரு சின்ன டியூப் மாட்டி, கீழே வடிகால் வரை இறக்கிவிட்டிருக்கிறோம். டியூபின் முனை திறந்தே இருக்க வேண்டும், மடங்கவும் கூடாது.

சூடாகும்போது சொட்டி, சூடானதும் நிற்பது இயல்பு. கீசரே போடாத நேரத்திலும் விடாமல் ஒழுகினால் வால்வுக்குள் மண்ணோ உப்போ மாட்டியிருக்கலாம், இல்லையென்றால் பம்பின் அழுத்தம் அதிகம். வால்வில் சின்ன நெம்புகோல் இருந்தால் சில மாதங்களுக்கு ஒருமுறை, தண்ணீர் ஆறியிருக்கும்போது தூக்கிவிடுங்கள். தண்ணீர் பீச்சி வந்து, விட்டதும் நிற்க வேண்டும். தூக்கியும் எதுவும் வரவில்லை என்றால் வால்வு இறுகிவிட்டது, அன்றே மாற்றுங்கள்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: கீசர் என்பது நிரம்பிய, மூடிய பானை. எலிமென்ட் சூடாக்கும், தெர்மோஸ்டாட் நிறுத்தும், அது தவறினால் கட்-அவுட், அதுவும் தவறினால் வால்வு.

## டயலை எங்கே வைப்பது?

60 டிகிரி என்பது என் பரிந்துரை. 60 டிகிரித் தண்ணீர் உடம்பில் சில நொடிகள் பட்டாலே தோல் வெந்துவிடும், குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம். அப்படியிருக்க ஏன் 60? லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா ஒன்று இருக்கிறது. 1976-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு மாநாட்டுக்கு வந்தவர்களிடையே பரவிய நிமோனியாவை ஆராய்ந்தபோது கண்டுபிடிக்கப்பட்டது. அது 20 முதல் 45 டிகிரி வரை நன்றாக வளரும், 60 டிகிரியில் சாகும். குடிப்பதால் வருவதைவிட, ஷவரில் பறக்கும் நுண்துளிகளைச் சுவாசிப்பதால்தான் நுரையீரலுக்குள் போகிறது. தொட்டித் தண்ணீரை எப்போதும் வெதுவெதுப்பாகவே வைத்திருப்பது அதற்கு வசதி செய்து கொடுப்பது போல.

ஆகவே தொட்டிக்குள் 60, உடம்பில் ஊற்றும்போது 40. பக்கெட்டில் முதலில் குளிர்ந்த தண்ணீர், அப்புறம் வெந்நீர். இந்த வரிசையைக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் மாற்றவே கூடாது. இன்னொரு லாபமும் உண்டு. 60 டிகிரியில் இருக்கும் 15 லிட்டரோடு 25 டிகிரித் தண்ணீரைக் கலந்தால் 40 டிகிரியில் 35 லிட்டர் கிடைக்கும். 45 டிகிரியில் வைத்திருந்தால் கிடைப்பது 20 லிட்டர்தான். "முன்ன மாதிரி ரெண்டு பேருக்கு வரமாட்டேங்குது" என்ற புகாருக்குச் சில வீடுகளில் காரணம் யாரோ டயலைக் குறைத்து வைத்ததுதான். 60-க்கு மேலே ஏற்றாதீர்கள். உப்பு படிவது வேகமாகும்.

நாள் முழுக்க ஆனில் விட்டால் மின்சாரம் மிச்சம் என்ற பேச்சும் உண்டு. தொட்டி எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு சூடு வெளியே கசியும். ஆறினால் கசிவு குறையும். எனவே வேலை முடிந்ததும் அணைப்பதே மிச்சம்.

## உப்பு பிடிப்பது என்றால் என்ன?

இங்கே உப்பு என்று நாம் சொல்வது கரிக்கும் உப்பை அல்ல. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றைத்தான். இவை அதிகமிருந்தால் அது கடின நீர். சோப்பு நுரைக்காது. சர்க்கரை சூடான தண்ணீரில் நன்றாகக் கரையும், இது நேர்மாறு. சூடாகும்போது கரைந்திருந்த கால்சியம் பிரிந்து சுண்ணாம்புப் பாறை போலப் படியும். எங்கே சூடு அதிகமோ அங்கே, அதாவது எலிமென்டின் மேலேயே.

ஐந்து வருடம் திறக்காத கீசர் ஒன்றிலிருந்து எலிமென்டை வெளியே எடுத்தபோது பக்கத்தில் இருந்தேன். உள்ளே போகும்போது சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாதது, வெளியே வர மறுத்தது. மேலே கட்டைவிரல் தடிமனுக்குச் சாம்பல் நிறக் கல். தட்டினால் ஓடு மாதிரி பெயர்ந்து விழுந்தது. தொட்டியின் அடியில் ஈர மணல் போல வெள்ளைச் சேறு கிடந்தது.

இதனால் பில் எகிறும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மை கொஞ்சம் வேறு. எலிமென்ட் தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது, அது உண்டாக்கும் சூடு கடைசியில் தண்ணீருக்குத்தான் போய்ச் சேரும். உண்மையான பாதிப்பு எலிமென்டுக்கு. போர்வை போர்த்தியதுபோல சூடு வெளியேற வழியில்லாமல் கம்பி அளவுக்கு மீறிச் சூடேறி, வெளிக்குழாய் விரிசல் விடும். உடைந்து விழும் உப்பு தொட்டியில் இடத்தையும் அடைத்துக்கொள்ளும். கீசர் உள்ளே பொரிவது போலச் சத்தம் போட்டால், உப்புக்கு அடியில் மாட்டிய தண்ணீர் அங்கங்கே ஆவியாகிறது என்று அர்த்தம். சுத்தம் செய்யச் சொல்லி அது கேட்கிறது.

## தன்னைக் கொடுத்துத் தொட்டியைக் காக்கும் கம்பி

கீசரில் பலருக்குப் பெயரே தெரியாத பாகம் ஆனோடு. மக்னீசியத்தில் செய்த ஒரு தடிமனான கம்பி. தொட்டி இரும்பு, உள்ளே கண்ணாடி போன்ற பூச்சு. அந்தப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். அங்கே துரு பிடிக்காமல் இருக்க, இரும்பைவிட எளிதில் அரிக்கும் உலோகத்தைப் பக்கத்திலேயே வைத்துவிடுகிறார்கள். அரிப்பு முதலில் அதைத் தின்னும், இரும்பு தப்பிக்கும். இந்த உபாயத்தை 1824-லேயே ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கிலேய வேதியியலாளர் கப்பல்களின் அடியில் பதித்த செப்புத் தகட்டைக் காக்கச் சொல்லிக் கொடுத்தார்.

தின்னத் தின்ன ஆனோடு கரைந்து, ஒருநாள் நடுவிலிருக்கும் எஃகுக் கம்பி மட்டும் மிஞ்சும். அன்றிலிருந்து அரிப்பு தொட்டியைத் தின்ன ஆரம்பிக்கும். எலிமென்ட் போனால் மாற்றலாம், தெர்மோஸ்டாட் போனால் மாற்றலாம். தொட்டி ஓட்டையானால் கீசரையே மாற்ற வேண்டியதுதான். இவ்வளவு இருந்தும், சர்வீஸ் செய்யும்போது பெரும்பாலும் யாரும் பார்க்காத பாகம் இதுதான் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். வருடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

வெந்நீரில் மட்டும் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அதுவும் இதோடு தொடர்புள்ளதாக இருக்கலாம். சில தண்ணீரில் இருக்கும் பாக்டீரியா மக்னீசிய ஆனோடோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு உண்டாகும். அலுமினியமும் துத்தநாகமும் கலந்த ஆனோடுக்கு மாறினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

## மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது?

விளக்கே எரியவில்லை என்றால் முதலில் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் போர்டு சுவிட்ச்), பிளக், சாக்கெட். அந்த சாக்கெட்டுக்குக் கரண்ட் வருகிறது என்பது உறுதியானால் சந்தேகம் கட்-அவுட் மேல். கட்-அவுட் காரணமில்லாமல் விழாது. பொத்தானை அழுத்திச் சரியாகி, மறுபடி விழுந்தால் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சில இடங்களில் கட்-அவுட்டையே ஒதுக்கிவிட்டு "டைரக்டா கொடுத்துட்டேன், இனிமே பிரச்சினை வராது" என்பார்கள். அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். இரண்டாவது காவலனை வேலையைவிட்டு அனுப்பியதற்குச் சமம் அது.

விளக்கு எரிகிறது, தண்ணீர் சூடாகவில்லை என்றால் அநேகமாக எலிமென்ட். எலக்ட்ரீஷியன் மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பார். 230 வோல்ட்டுக்கான 2000 வாட் எலிமென்டில் மின்தடை 26 ஓம் போலக் காட்ட வேண்டும். எதுவுமே காட்டவில்லை என்றால் உள்ளே சுருள் அறுந்துவிட்டது.

சுவிட்ச் போட்டதும் ஏதோ ஒன்று "டப்" என்று விழுகிறதா? எது விழுகிறது என்று பாருங்கள். எம்.சி.பி. விழுந்தால் அளவுக்கு மீறிய கரண்ட், ஷார்ட் அல்லது வயரிங் கோளாறு. ஆர்.சி.சி.பி. என்ற அகலமான சுவிட்ச், அதாவது டெஸ்ட் பொத்தான் வைத்தது, விழுந்தால் கரண்ட் எங்கோ கசிகிறது. அது வீட்டுக்குப் போடும் வகையில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழுந்துவிடும். எலிமென்டின் வெளிக்குழாய் விரிசல் விட்டு, வெள்ளைத் தூள் ஈரமாகிவிட்டது என்பதே வழக்கமான காரணம். அப்போது அந்த கீசரை ஆர்.சி.சி.பி. இல்லாத வேறு லைனுக்கு மாற்றி ஓட்டுவது, உயிரோடு விளையாடுவது. குழாயைத் தொட்டால் சுருக்கென்றிருந்தாலும் இதே கதைதான், அதோடு எர்த்தும் சரியில்லை. அந்த நிமிடமே மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

வெந்நீர் மெலிதாக வருகிறது, குளிர்ந்த தண்ணீர் நன்றாக வருகிறது என்றால் ஷவர் வலையிலும் குழாய் முனையிலும் உப்பு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், அடுத்து ஒருவழி வால்வு. வெளி உறைக்கு உள்ளிருந்து, வால்வோ இணைப்போ இல்லாத இடத்தில் சொட்டினால் தொட்டி போய்விட்டது.

## சுத்தம் செய்யும் நாள்

கடின நீர் வரும் வீட்டில் வருடத்துக்கு ஒருமுறை, மற்ற வீடுகளில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போதும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள், அல்லது எம்.சி.பி.யை இறக்குங்கள். தண்ணீர் ஆற விடுங்கள். உள்ளே வரும் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை விட்டபிறகுதான் தொட்டியை வடிக்க வேண்டும். எலிமென்டைக் கழற்றுவது மின் வேலை தெரிந்தவர் செய்யட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். எலிமென்டைக் கத்தியால் சுரண்டவிடாதீர்கள். சிட்ரிக் அமிலம் அல்லது வினிகர் கரைசலில், மின் இணைப்பு முனைகள் நனையாமல் ஊறவைத்தால் கல் நுரைத்துக் கரையும். ஆனோடை அந்தக் கரைசலில் போடக்கூடாது, அதையும் அமிலம் தின்றுவிடும். ரப்பர் வாஷரைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

எல்லாம் மாட்டியதும் கரண்ட் கொடுக்க அவசரப்படாதீர்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்து, தண்ணீரை உள்ளே விடுங்கள். முதலில் வெறும் காற்று வரும், அப்புறம் காற்றும் தண்ணீருமாகத் துப்பும், கடைசியில் சீராகக் கொட்டும். சீராகக் கொட்டும் வரை தொட்டி நிரம்பவில்லை. தண்ணீர் மூடாத எலிமென்டுக்குக் கரண்ட் கொடுத்தால் சில நிமிடங்களில் எரிந்துபோகும். குழாயை மூடி, அடிப்பக்க இணைப்புகளை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் சுவிட்சைப் போடலாம். முதல் தடவை சூடாகி முடியும் வரை வீட்டை விட்டு வெளியே போகாதீர்கள்.